கோதண்டம் கட்டிய மாலை

"எல்லப்பன் வேனை விட்டு எறங்கட்டும். இதை அவன் கழுத்துல போட்டப்புறம்தான் ஆட்டமே" என்றார் பென்னலூர் கால்பந்துக் குழுவின் செயலாளர் கோதண்டம். கையில் அவரே கட்டிய செருப்பு மாலை.

"ரெண்டு வருசம் முன்ன வரைக்கும் அவன் கோல் போட்டா தோள்ல தூக்கிகினு சுத்தினோமேண்ணே" என்றான் சுப்பிரமணி.

"அதான் வயிறு எரியுது. மெட்ராஸ் கம்பெனி வேலை தரேன்னதும் நம்ம டீமை வுட்டுட்டு ஓடினான். இன்னிக்கு நம்மளயே தோக்கடிக்க வரான்."

கம்பெனி வேன் வந்து நின்றது. நூறு பேர் சூழ்ந்துகொண்டார்கள். கோதண்டம் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி முன்னால் போய் நின்றார்.

இறங்கிய எல்லப்பன் நேராக வந்து அவர் காலைத் தொட்டான்.

"ஊர் டீம்லயே ஆடறேன்னு அன்னிக்கு அழுதேன். நீங்கதான் கேக்காம ரிலீஸ் லெட்டர் குடுத்து அனுப்பினீங்க. இப்ப நல்லா கீறேண்ணே. நீங்க கேட்டுகினபடி என்னோட சேத்து வேலை குடுத்தாங்களே உங்க தம்பிக்கு, அவரையும் பர்மனென்ட் பண்ணிட்டாங்க."

நூறு பேரும் கோதண்டத்தின் பக்கம் திரும்பினார்கள்.

சுப்பிரமணி கையை நீட்டினான்.

"அந்த மாலைய இப்பிடி குடுண்ணே."