வேண்டுமென்றே ஒரு தப்பு

கரிச்சான் குருவி வந்து கிளையில் உட்கார்ந்ததும் அவள் கணவரைத்தான் பார்த்தாள்.

அவர் பைனாகுலரைக் கண்ணில் வைத்திருந்தார்.

அந்தமானில் ஹேவ்லாக் தீவின் காட்டுப்பாதை. மரங்களுக்கு அப்பால் கடல் இரைந்துகொண்டிருந்தது.

இந்தத் தீவில் கரிச்சான் இரண்டு வகை. இரண்டும் கன்னங்கரேல். துடுப்புவால் கரிச்சானுக்கு வாலில் இரண்டு நீள இறகுகள் தொங்கும். அது தெரிந்தால் குழந்தைகூடப் பெயர் சொல்லிவிடும். வந்த மகராசனோ இரண்டையும் உதிர்த்துவிட்டு வந்திருந்தான். இனி நெற்றியைத்தான் பார்க்க வேண்டும். துடுப்புவாலனுக்கு அங்கே ஒரு சின்னக் கொண்டை உண்டு. அந்தமான் கரிச்சானுக்குக் கிடையாது.

இதற்கு இருந்தது. அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது.

கல்யாணம் ஆன நாளிலிருந்து இருவருக்கும் பறவை பார்த்துச் சண்டை போடுவதே பிழைப்பு. கூந்தன்குளத்தில் ஒரு கொக்குக்கு விரல் மஞ்சள் என்றார் அவர். சேறு என்றாள் அவள். பாளையங்கோட்டை வரை பஸ்ஸில் தனித்தனி சீட்டில் வந்தார்கள்.

அவர் கண்ணில் புரை விழுந்த பிறகு சண்டை நின்றுபோனது. எதைக் காட்டினாலும் ஒரே பதில்.

"நீ சொன்னா சரிதான்."

இப்படி ஜெயிக்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்தது. கண் நன்றாக இருக்கிறது என்றார் டாக்டர். மகன் டிக்கெட் எடுத்து அனுப்பிவைத்தான். இங்கே வந்தும் அவர் வாயில் அதே பாட்டு. நேற்று மீன்கொத்தியைக் காட்டியபோதும் அதுதான்.

பார்வை வரவில்லையா, ரோஷம் போய்விட்டதா?

அவளுக்குப் பிடிபடவில்லை. கேட்கப் பயம்.

அதனால் இன்று துணிந்து ஒரு பொய் சொன்னாள்.

"அந்தமான் கரிச்சான்லா இது."

அவர் பைனாகுலரின் திருகைத் திருகினார். மறுபடி திருகினார். பறவை கிளை மாறியது. அவரும் கூடவே திரும்பினார்.

சரிதான் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது, கர்த்தாவே.

அவர் பைனாகுலரை இறக்கினார். அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"கொண்டையை நட்டுக்கிட்டு நிக்கு. அந்தமானாம் அந்தமான். கண்ணு அவிஞ்சி போச்சா ஒனக்கு, புஷ்பம்?"

இத்தனை வருஷத்தில் யாரும் அவளை இவ்வளவு அழகாகத் திட்டியதில்லை.

சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். இடுப்பில் கையை ஊன்றி நின்றாள்.

"அதெல்லாம் கொண்டை கிடையாது. இன்னொரு தடவை நல்லாப் பாருங்க."

அவர் முறைத்துக்கொண்டே பைனாகுலரைத் தூக்கினார்.