காசாளர் என்றே எழுதுங்கள்

“வேலைக் கடிதத்துல மேற்பார்வையாளர்னு எல்லாம் போட முடியாது. காசாளர்னுதான் எழுதுவேன்.”

“சமையல்கட்டுல ஆறு பேரை மேய்க்கிறது நான்தான், வீர்ஜி. காசாளர்னு இருந்தா, இந்த நாட்டுல நிரந்தரமாத் தங்குறதுக்கான பி.ஆருக்கு நான் மனுவே போட முடியாது.”

“தெரியும். அது கிடைச்சா மறுநாளே வேற கடைக்குப் பறந்துடுவே. இன்னும் ஒரு வருஷம் வாயை மூடிட்டு இரு, பார்க்கலாம்.”

கனடாவின் வின்னிபெக் நகரில் இருக்கும் அந்தப் பஞ்சாபி உணவகத்தின் மேலாளர் தல்பீர். அங்கே வேலை செய்யும் சிம்ரத், கல்லூரி முடித்த நாளிலிருந்து ‘வீர்ஜி’ என்று அண்ணன் முறை சொல்லி இந்தக் கடிதத்துக்காக அவரிடம் கெஞ்சி வந்திருக்கிறாள். இன்று கெஞ்சவில்லை.

“சரி, காசாளர்னே எழுதுங்க. எனக்குக் கீழே யாரும் இல்லைன்னும் சேர்த்துக்குங்க.”

சிரித்துக்கொண்டே எழுதிக் கையெழுத்திட்டார். அவள் வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தாள்.

“இதை வச்சு என்ன பண்ணுவே?”

“குடியேற்ற அலுவலகத்துக்கு அனுப்புவேன். காலையில போன் பண்ணாங்க. என் மனுவுக்கு இல்லை, உங்க மனுவுக்கு. உங்களுக்குக் கீழே மேற்பார்வையாளரா நான் இருக்கேன்னு எழுதியிருக்கீங்களாமே? அது நிஜமான்னு என் வேலைக் கடிதத்தைப் பார்க்கணுமாம்.”

அவளுக்கு மூன்று வருடம் முன்னால் அதே கல்லூரியில் படித்து முடித்து, அதே பி.ஆருக்காகக் காத்திருந்த தல்பீர் மெல்லக் கையை நீட்டினார்.

“சிம்ரத், அதைக் கொடும்மா. வேற எழுதித் தர்றேன்.”