பன்னிரண்டு மணி வரை மௌனம்

மௌனம் சம்மதம் என்பது இந்தத் தூதரக மன்றத்தில் எழுதிவைத்த விதி. பன்னிரண்டு மணிக்குள் எந்த நாடும் ஆட்சேபித்து எழுதாவிட்டால் மருந்துக் கப்பல் துறைமுகத்துக்குள் நுழையலாம். அந்தத் துறைமுக ஊரில்தான் மன்றத்தின் கடிதப் பிரிவில் வேலை பார்க்கும் அக்காவின் தம்பி காய்ச்சலில் கிடக்கிறான். மணி பதினொன்று ஐம்பத்தெட்டு. வெயில் விழுந்த அவள் கணினித் திரையில் ஒரு கடிதம் வந்து நிற்கிறது. பக்கத்து மேசைக்காரன் எட்டிப் பார்க்கிறான். "மறுக்கிறாங்களாக்கா?" "இருடா, இன்னும் வணக்கமே முடியல." மேன்மை தங்கிய, மிக உயர்ந்த மதிப்புக்குரிய என்று ஆங்கிலம் ஐந்து வரிக்குக் குனிந்துகொண்டே போகிறது. அவள் விரல் வரிவரியாக இறங்குகிறது. ஆறாவது வரியில் நிற்கிறது. "புதுத் தூதர் வந்திருக்காராம். இதுக்கா இத்தனை கும்பிடு, பாவிகளா!" சுவர்க் கடிகாரத்தில் இரண்டு முட்களும் ஒன்று சேர்கின்றன. வேறு கடிதம் இல்லை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, அவள் கத்துகிறாள்: "கப்பலுக்குப் போனைப் போடுடா!"