அசைபோட்டுப் பாருங்க அக்கா

சுவரொட்டியைக் கிழித்து வந்து எருமைக்குக் கொடுக்காவிட்டால் கழுதைக்குப் பொழுதே போகாது.

"சிந்திக்க வைக்கிற விஷயம்க்கா. நிதானமா அசைபோட்டுப் பாருங்க."

எருமையும் சொன்னபடியே தாளை விழுங்கிவிட்டுப் படுக்கும். சாயங்காலம் அதை மேலே வரவழைத்து, கண்ணை மூடி மென்று, "ஆழமான கருத்துடா. பசைதான் கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லும். கழுதைக்குப் புல்லரித்துவிடும்.

"நீ படிச்சியாடா?"

"எனக்கு ஏதுக்கா நேரம்? கொடுக்கவே பொழுது சரியாப் போகுது."

நேற்று இரவு கொண்டுவந்த தாளில் பசைகூடக் காயவில்லை. 'தெருவில் திரியும் ஆடு, மாடு, கழுதைகள் நாளை காலை பிடிக்கப்படும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. எருமை அதை ஒரே வாயில் உள்ளே தள்ளியது.

இன்று காலை இரண்டையும் பிடித்து லாரியில் ஏற்றிவிட்டார்கள்.

"அக்கா, நம்மள எதுக்குப் பிடிச்சாங்க?" கழுதை கேட்டது.

"சும்மா இருடா. நேத்து நீ கொடுத்தது இப்பதான் மேலே வருது. 'நாளை காலை' வரைக்கும் மென்னுட்டேன்."

கழுதைக்கு மறுபடியும் புல்லரித்தது. லாரிப் பலகையிலும் அதே தாள் ஒட்டியிருந்தது. நல்ல விஷயம் நாலு பேருக்குப் போய்ச் சேர வேண்டாமா? பல்லால் உரித்தெடுத்து, பக்கத்தில் நின்ற ஆட்டின் முன்னால் வைத்தது.

"சிந்திக்க வைக்கிற விஷயம்ண்ணே. நிதானமா அசைபோட்டுப் பாருங்க."