காலி நிலம்

"அக்கா, தண்ணி மூணாவது படிக்கு வந்துடுச்சு."

அதே குரல். அரை மணி நேரத்தில் நான்காவது அழைப்பு. அழுகை இல்லை, பதற்றம் இல்லை. பாடம் ஒப்பிப்பது போல ஒரு சிறுமி சொன்னாள்.

வெள்ளக் கட்டுப்பாட்டு அறையில் அழைப்புகளை எடுக்கும் பெண் திரையைப் பார்த்தாள். அழைப்பு வந்த இடம் சிவப்புப் புள்ளியாகத் துடித்தது. சுற்றிலும் வீடில்லை, தெருவில்லை, ஒரு வடிகால்கூட இல்லை. வெறும் பச்சை.

"எந்தத் தெரு பாப்பா?"

"தெரு இல்லக்கா. சின்னப் பாலம் தாண்டி ஒரே வீடு."

"பெரியவங்ககிட்ட போனைக் குடு."

"வேணாம்க்கா. நாங்க இங்க இருக்கோம்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது." இணைப்பு அறுந்தது.

அவள் நாற்காலியைத் திருப்பினாள். பக்கத்து மேசை மேப்காரரைப் பார்த்தாள். நகரத்தின் ஒவ்வொரு வீட்டையும் வடிகாலையும் அளந்து கணினி வரைபடத்தில் ஏற்றியவர் அவர். அலுவலகத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

"சார், புள்ளி ஏரி மதகு திறந்த பக்கம் விழுது. அங்க நிஜமாவே யாரும் இல்லையா?"

"எத்தனை தடவைம்மா சொல்றது? அது ஏரியோட வயிறு. மழை மிஞ்சினா தண்ணியை அங்கதான் விடணும். ஆளில்லைன்னு நான் சொன்ன பிறகுதானே இன்ஜினியர் திறந்தார்."

"குழந்தை பேசுதே சார்."

"டவர் கோளாறு. புள்ளி எங்க வேணா விழும்." சொன்னாரே ஒழிய, புள்ளியை விட்டு அவர் கண் நகரவில்லை.

மதியம் மூன்று மணிக்கே ஜன்னலுக்கு வெளியே இருட்டிக் கிடந்தது. அவள் படகுப் பிரிவைக் கூப்பிட்டாள்.

"மேப்ல வீடு இருந்தா அனுப்பறேன்மா" என்றார் படகுக்காரர். "இருக்கறதே ரெண்டு படகு. பேய்க்கெல்லாம் அனுப்பினா என் சீட்டு கிழிஞ்சிடும்." சிரித்துவிட்டு வைத்தார்.

"மதகை மூடச் சொல்லலாமா சார்?"

"மூடினா ஆஸ்பத்திரிக்குள்ள தண்ணி போகும். யாரோ விளையாடறதை நம்பி…"

மீண்டும் அழைப்பு. இந்த முறை அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, வாசலுக்குள்ள வந்துடுச்சு. தம்பி தூங்கறான். எழுப்பட்டுமா?"

"உடனே எழுப்புடா. மொட்டை மாடிக்குப் போங்க. உங்க வீடு மேப்லயே இல்லை, அதான் படகு வர மாட்டேங்குது."



மேப்காரர் எழுந்து வந்தார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"யாரும்மா பேசறது?" ஸ்பீக்கரைப் பார்த்துக் கேட்டார்.

"அப்பா?" என்றாள் சிறுமி. "நீங்க போகச் சொன்ன மாமா வீட்டுக்குப் பஸ்ஸே ஓடலைப்பா, திரும்பி வந்துட்டோம். உங்க போன் அணைஞ்சே கிடக்கு. ஏரி நிலம்னு இடிச்சிடுவாங்கன்னு நம்ம வீட்டை மேப்ல அழிச்சீங்கல்ல, அதைத் திரும்ப வரைஞ்சிடுங்கப்பா. அப்பதான் படகு வருமாம்."