பன்னிரண்டு கிலோமீட்டர்

ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. மணி எட்டு ஐம்பது. சரக்கு ரயிலோ மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. பைக்கில் உட்கார்ந்திருந்த ஸ்டோர் கீப்பர் கைக்கடிகாரத்தை மறுபடி மறுபடி பார்த்தார்.

ஒன்பது மணிக்குப் பம்ப் கம்பெனியில் சங்கு ஊதிவிடும். ஸ்டோர் சாவி அவர் சட்டைப்பையில் இருக்கிறது. அவர் போய்த் திறந்து போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுத்தால்தான் இருபது பேருக்கு வேலையே ஓடும்.

"அண்ணே, வண்டியை ஆஃப் பண்ணுங்களேன். புகை மூஞ்சியில அடிக்குது," என்றார் பக்கத்து ஸ்கூட்டர்க்காரர்.

"ஆஃப் பண்ணினா மறுபடி கிளம்பாதுங்க. நீங்க வந்து தள்ளுவீங்களா?" என்று இவர் எரிந்து விழுந்தார்.

காலையில் இதே வண்டியை உதைத்து உதைத்து அவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டிருந்தது. மனைவி கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். "தினமும் இப்படி ஊரைச் சுத்தி அலையணுமா? நான் சொன்னா யார் கேட்கிறா?" என்றாள். அந்தக் கடுப்பில் சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தார்.

கேட் திறந்ததும் எல்லோரும் ஒரேயடியாக முண்டியடித்தார்கள். அந்த நெரிசலில் அவர் மாட்டிக்கொண்ட இடம், சரியாக மெக்கானிக் கடை வாசல்.

"சார், புது பேட்டரி எப்படி இருக்கு?" என்று உள்ளிருந்தே கத்தினார் மெக்கானிக். "ரெண்டு வருஷத்துல மூணு பேட்டரியைக் கொன்னவராச்சே நீங்க! பழையபடி ரெண்டு நிமிஷ ஓட்டமெல்லாம் வேண்டாம். எஞ்சின் நல்லா ஓடினாத்தான் பேட்டரியில சார்ஜ் ஏறும். நாளுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர், மறந்துடாதீங்க!"

"பன்னிரண்டுக்குக் குறையாமத்தான் ஓட்டுறேன். பேட்டரி உசுரு பிழைச்சிடும், என் உசுருதான் போயிடும்!"

கம்பெனி வாசலில் நுழையும்போது ஒன்பது இருபது. ஸ்டோர் ஷட்டருக்கு முன்னால் இருபது பேரும் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் ஒருவர் கை தட்டினார், மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவருக்கு அவமானமாக இருந்தது.

ஷட்டரைத் தூக்கியதும் வாட்ச்மேன் சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். தொட்டுப் பார்த்தால் கை சுட்டது. "டப்பா அப்பவே வந்துடுச்சு சார். உங்களைத்தான் காணோம். மேனேஜர் மேலே கூப்பிடுறாரு," என்றார் வாட்ச்மேன்.

மேனேஜர் இங்கே மாற்றலாகி வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. மேஜை மேல் வருகைப் பதிவேட்டை விரித்து வைத்திருந்தார்.

"இந்த மாசத்துல இது ஆறாவது தடவை."

"ரயில்வே கேட் சார்..."

"வீட்டை விட்டு எப்பக் கிளம்புறீங்க?"

"எட்டே காலுக்கு சார்."

"எட்டே காலுக்குக் கிளம்பியுமா?" மேனேஜரின் குரல் இறங்கியது. "உட்காருங்க. சூப்பர்வைசர் போஸ்டுக்கு உங்க பேரைத்தான் எழுதி வச்சிருக்கேன். பதினாறு வருஷ சர்வீஸ், ஒரு நட்டுகூடக் கணக்குல பிசகினதில்ல. ஆனா தினமும் லேட்டா வர்றவரை எப்படிங்க சூப்பர்வைசரா போடுறது?"

ஸ்டோர் கீப்பர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். இந்த வார்த்தைக்காகத்தான் பதினாறு வருஷமாகக் காத்திருந்தார். கைக்கு எட்டியது ஒரு பாழாய்ப்போன பேட்டரியால் நழுவிவிடும் போலிருந்தது. "இனிமே லேட்டா வரமாட்டேன் சார்," என்றார்.

"நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்? தூரம்தான் பிரச்சனை. அதை நான் தீர்த்து வைக்கிறேன்." மேனேஜர் எழுந்துபோய் ஜன்னல் திரையை விலக்கினார். "எதிர்ல அந்த மஞ்சள் வீடு தெரியுதா? அதுல முதல் மாடி. ஓனர் எனக்கு வேண்டியவர். குடியிருக்கிற ஆளை எப்படா காலி பண்ண வைக்கலாம்னு பார்த்துக்கிட்டிருக்கார்."

"ஏன் சார்?" அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை.

"தினமும் காலங்காத்தால ஒரு ஓட்டை பைக்கை உதைச்சு, உறுமவிட்டு, தெருவையே அலற வைக்கிறானாம். கேட்டா, 'ஆபீஸ் போக வேண்டாமா?'ன்னு சண்டைக்கு வர்றானாம். இன்னைக்கே அவனைக் கிளப்பச் சொல்லிடுறேன். அடுத்த வாரம் நீங்க குடி வந்துடுங்க, சூப்பர்வைசர் ஆர்டரை நான் கையெழுத்துப் போட்டுடுறேன்."

மேனேஜர் போனை எடுத்து எண்ணைத் தேடினார். "அவனுக்கு ஆபீஸ் எந்த மூலையில இருக்கோ! அந்தப் பக்கமாவே போய் வீடு பார்த்துக்கட்டும், என்ன சொல்றீங்க?"

ஸ்டோர் கீப்பர் பாய்ந்து போய்ப் போனைப் பொத்தினார்.

"வேண்டாம் சார்... அவன் ஆபீஸ் இதுதான்."