மருந்தில்லாத தோட்டா

ஜன்னலில்லாத துப்பாக்கிப் பயிற்சிக் கூடத்தில் கருகிய வெடிமருந்தின் நெடி தொண்டையைக் கவ்வுகிறது. பணவண்டிக் காவலாளி நெஞ்சைக் குறிவைத்துச் சுட்ட ஐந்து குண்டுகளும் எதிரே குறியாகத் தொங்கும் தாள்மனிதனின் வயிற்றைத்தான் கிழித்திருக்கின்றன. பயிற்சியாளர் அவருக்குத் தெரியாமல் துப்பாக்கியில் மருந்தில்லாத தோட்டா ஒன்றைப் போட்டுக் கொடுக்கிறார். விசை அமுங்குகிறது. டிக்கென்ற சத்தம் மட்டும்தான். ஆனாலும் துப்பாக்கி முனை வெடுக்கென்று தாழ்கிறது. கண்கள் இறுக மூடிக்கொள்கின்றன. “பாத்தீங்களா? வெடிக்கறதுக்கு முன்னாடியே கண்ண மூடி, கைய இறக்கிடுறீங்க. அதான் எல்லாம் வயித்துல போய் விழுது,” என்று சிரிக்கிறார் பயிற்சியாளர். காவலாளி அந்தக் கிழிசலையே பார்க்கிறார். “வண்டியில கொள்ளையடிக்க வந்த அன்னிக்கும் திருடனோட நெஞ்சுக்குத்தான் சார் குறி வச்சேன். கண்ணத் திறந்து பாத்தா, அவன் இடுப்பக் கட்டிப் புடிச்சிருந்த என் மச்சான் செத்துக் கிடந்தான்.”